மயில் உள்ளானுக்கு இரண்டாம் சாட்சி

வலப்பக்கமே வந்து உட்கார்ந்திருக்கிறாள். காட்சிக் கோபுரத்தின் மேல்தளத்தில் கிடக்கும் இந்தச் சிமெண்டுப் பலகையில் என் இடப்பக்கம் முழுவதும் காலியாக இருக்க, என் முழங்காலை உரசிக்கொண்டு சுற்றிவந்து, எனக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் இருந்த ஒடுக்கமான இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டாள் ரெஜினா. என் வலக்காது மந்தமாகிவிட்டது என்பதை அறிந்தவர்கள் இருவர். ஒருவர் காது மருத்துவர், மற்றவர் இவள். அறிந்து உட்கார்ந்தாளா, அறியாமல் உட்கார்ந்தாளா என்று கேட்டுக்கொள்வதே வீண். நான் தமிழும் அவள் விலங்கியலும் நடத்தி, ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் நாற்காலிகளில் பணிக்காலம் முழுவதையும் கழித்த பிறகு, என்னைப்பற்றி அவள் அறியாமல் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பையை வேறு மடியில் வைத்திருக்கிறாள். பலகையில் வைக்கலாம், தரையில் வைக்கலாம், சுவரில் ஆணி இருக்கிறது, மாட்டலாம். வைக்கவில்லை, மாட்டவில்லை. அதன் வாயைத் தன் வயிற்றோடு அணைத்து, மழலையை மடியில் கிடத்தியவளைப்போல வலக்கையை அதன்மேல் போட்டிருக்கிறாள். "என்ன யக்கா, பைய அப்படிப் பாக்கிய? முறுக்கு கொண்டாரல. போன தடவ நான் நொறுக்குன சத்தத்துல பறவையெல்லாம் ஊர விட்டே போயிட்டுன்னு ஏசுனிய." நான் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். முறுக்கு இல்லை என்றால் பிறகு என்ன இருக்கிறது, இவ்வளவு பத்திரமாக?

சூரியன் இன்னும் குளத்தின் மேல்கரைப் பனைகளைத் தொடவில்லை. நாமக்கோழிகள் கறுப்புச் சட்டிகளைக் கவிழ்த்து மிதக்கவிட்டதுபோல நடுக்குளத்தில் கூட்டமாய் நிற்கின்றன. மஞ்சள் மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்குகின்றன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீருக்குமேல் நீட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறது. வேறொரு நாளாயிருந்தால் இவற்றுள் ஒவ்வொன்றையும் தொலைநோக்கியில் பிடித்து நிறுத்தி நிறைவடைந்திருப்பேன். இன்று வந்த காரியம் பார்ப்பதன்று. எனக்கு இடப்பக்கம், குளத்தின் தென்கோடியில், ஓர் ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை அடர்ந்து நிற்கிறது. அதை வேரோடு வாரிவிட்டுப் படகுத் துறை கட்டப்போகிறார்கள். அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகுகள் வருமாம். உயிருள்ள பறவைகளைத் துரத்திவிட்டு, கழுத்து வளைந்த பிளாஸ்டிக் அன்னங்களுக்குள் மனிதர்கள் குந்திக்கொண்டு மிதிப்பார்கள். இதை எதிர்த்து எழுத வேண்டுமென்றால், அந்தக் கோரைக்குள் எழுதத்தக்கதாக ஏதேனும் இருக்க வேண்டும் என்றார் எங்கள் பறவை நோக்கர் குழுவின் தலைவர் சங்கரலிங்கம். இருக்கிறது என்றாள் ரெஜினா. சென்ற வாரம் அவள் தனியாக வந்திருந்தபோது அந்தி மங்கலில் மயில் உள்ளான் கூவியதாம். பல ஆண்டுகளாக இந்தக் குளத்தில் எவரும் காணாத பறவை. கோரைக்குள் ஒளிந்து வாழ்வது. பெட்டைதான் வண்ணமுடையது, பெட்டைதான் கூவுவது, சேவல் வாய் திறவாமல் அடைகாப்பது. கூவுகிறது என்றால் குஞ்சு பொரிக்கப்போகிறது. குஞ்சு பொரிக்கும் கோரையில் எவரும் எளிதில் கைவைக்க முடியாது. ஆனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: கண்ணால் காணாமல் காதால் மட்டும் அறிந்த பறவையை, உறுப்பினர் இன்னொருவரும் கேட்டாலன்றி ஏற்பதில்லை. "உலகம்மாள் டீச்சரும் கேட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா போதும்மா. அவங்க சொன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்றார் சங்கரலிங்கம். அவர் சொன்னாரா, அல்லது ரெஜினா அவரைச் சொல்லவைத்தாளா? குழுவில் இளைஞர் இருக்கிறார்கள். இலை விழுந்தால் எந்த மரத்து இலை என்று சொல்லிவிடக்கூடிய காது படைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காதில் பஞ்சடைத்துக்கொண்டு வாழும் என்னை ஏன் தேர்ந்தாள்?

என் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது, ஆகவே தேர்ந்தாள். அல்லது என் காதுக்கு மதிப்பில்லை; ஆகவே தேர்ந்தாள். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம், அதுதான் பொல்லாதது. மதிப்புள்ள சொல்லும் மதிப்பற்ற காதும் ஒரே ஆளிடம் அமைந்திருப்பதைப்போல வசதி வேறு உண்டா? இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் கூவலை அவள் குழுவில் விவரித்தபோது, "வெறும் புட்டியின் வாயில் மெல்ல ஊதினாற்போல்" என்றாள். அப்படியே. ரெஜினா அன்றாடம் பேசும் பேச்சில் 'ஊதினாற்போல்' என்ற வடிவம் வந்து நான் கேட்டதில்லை. அது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பறவைக் கையேட்டிலுள்ள வாக்கியம். விடைத்தாளில் உரைநூலின் வரி பிசகாமல் வந்து நின்றால் என் சிவப்பு மை தானாகவே அங்கே நின்றுவிடும். பிள்ளை நன்றாகப் படித்து எழுதினதா, மடியில் வைத்து எழுதினதா என்றால், முதலில் தோன்றுவது இரண்டாவதுதான். நல்ல பிள்ளைகள் நெட்டுருப்போட்டு எழுதினதும் உண்டே என்கிறது ஒரு மனம். கேட்ட ஒலியைச் சொல்லவந்தவள் தன் சொல்லில் அல்லவா சொல்வாள் என்கிறது இன்னொன்று. "யக்கா, அங்க பாருங்க, கரண்டிவாயன். சோத்த கிண்டுத மாதிரி தண்ணியக் கிண்டுது." அவள் சுட்டிய திசையில் தொலைநோக்கியைத் திருப்புகிறேன். சுட்டியது இடக்கை. வலக்கை பையின்மேலேயே இருக்கிறது. இவள் இடக்கைப் பழக்கமுள்ளவள் அல்லள்.

கீழே அறிவிப்புப் பலகையில் "பறவைகளை தொந்தரவு செய்யாதீர்" என்று எழுதியிருக்கிறார்கள். தகர ஒற்று இல்லை. வருகிற ஒவ்வொரு முறையும் கண்ணில் விழுந்து உறுத்துவது இன்று ஏனோ ஆறுதலாக இருக்கிறது. அந்தப் பிழை அங்கேயே இருக்கிறது, எவரும் பார்க்கலாம், சுட்டலாம், திருத்தலாம். மனிதருக்குள் இருக்கும் பிழை அப்படி வெட்டவெளியில் நிற்பதில்லை. கோபுரத்தின் அடியில் வனக்காவலர் உச்சிமாகாளி டார்ச்சைத் தட்டித் தட்டி எரியவைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணாந்து குரல் கொடுக்கிறார்: "பெரிய டீச்சர், இருட்டுனதும் கேட்ட பூட்டிருவேன். அதுக்குப் பெறவு காட்டுப்பன்னிகூடத்தான் படுத்துக்கிடணும்." ரெஜினா சுவருக்குமேல் எட்டிப் பார்த்து, "பன்னிக்கு நாங்க பயப்படல அண்ணாச்சி. எங்க யக்காவப் பாத்தா அதுதான் வீட்டுப்பாடம் முடிக்கலன்னு பயந்து ஓடும்" என்கிறாள். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். இவளால் எவரையும் ஒரு நொடியில் தன் பக்கம் ஆக்கிக்கொள்ள முடியும். எட்டிப் பார்த்தபோதும் பை நழுவவில்லை. எழுந்தபோது அதுவும் எழுந்தது, உட்கார்ந்தபோது அதுவும் உட்கார்ந்தது.

எங்கள் மாணவி முப்பிடாதியின் தகப்பனையும் இப்படித்தான் ஒரு நொடியில் ஆக்கினாள். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தாய்மாமனைப் பேசி முடித்துவிட்டு, பள்ளியை நிறுத்தச் சொல்லிக் கேட்க வந்திருந்தார் அந்த மனிதர். நான் சட்டத்தைச் சொன்னேன், கல்வியின் பயனைச் சொன்னேன், முழு வாக்கியங்களில் சொன்னேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பேச்சு முடிவதற்காகக் காத்திருந்தார். அப்போது ரெஜினா, "கல்யாணத்த நல்லா நடத்துங்க அண்ணாச்சி, நாங்க யாரு குறுக்க நிக்க? ஆனா நேத்து கலெக்டர் ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு. படிக்கிற பிள்ளையக் கட்டப்போற மாப்பிள்ள பேரு என்ன, அப்பா பேரு என்னன்னு கேட்டாவ. நான் இன்னும் சொல்லல. சொல்லட்டுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். எங்கள் பள்ளித் தொலைபேசி அந்த மாதம் முழுவதும் செத்துக் கிடந்தது. முப்பிடாதி இப்போது மதுரையில் செவிலியாக இருக்கிறாள். அன்று அந்தப் பொய்யை நான் மெச்சினேன். மெச்சியதோடு நில்லாமல், அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது ஆமென்று தலையும் அசைத்தேன். பொய் சொன்னபோது ரெஜினாவின் முகத்தில் ஓர் இமைகூட அசையவில்லை. ஆனால் மேசை இழுப்பறைக்குள் இருந்த அவளுடைய வலக்கை ஒரு சுண்ணக்கட்டியை நுணுக்கி நுணுக்கி மாவாக்கிவிட்டிருந்தது, பிறகுதான் பார்த்தேன். இவளுடைய முகம் சாட்சி சொல்லாது, கைதான் சொல்லும். இந்தக் கோரைக்காக இவள் பொய் சொல்வாளா? ஒரு பெண்பிள்ளைக்காகச் சொன்னவள் ஒரு குளத்துக்காகச் சொல்ல மாட்டாளா? நல்லதற்காகச் சொல்வாள். கூசாமல் சொல்வாள். அன்றைக்குத் தலையசைத்தேனே, இன்றைக்கும் அசைப்பேன் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

சூரியன் பனைகளுக்குள் இறங்கிவிட்டது. நீர் முதலில் செப்பாகவும் பிறகு ஈயமாகவும் மாறுகிறது. ஊருக்குள் கோயில் கொடைவிழா. பாட்டு, எங்களுக்குப் பின்னால், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல வருகிறது. கருவநல்லூர்க்காரர்கள் குழாய் ஒலிபெருக்கியைக் குளத்துக்கு முதுகு காட்டித்தான் கட்டுவார்கள். பறவை கலைந்துவிடக்கூடாது என்று அவர்களுடைய தகப்பன்மார் காலத்திலிருந்தே இருந்துவரும் கட்டுப்பாடு. நல்ல மனிதர்கள். படகுத் துறையில் வேலை தருவதாகச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டுவிட்ட நல்ல மனிதர்கள். இப்போதெல்லாம் ஒலிபெருக்கிக்குக் குழாய் வேண்டியதில்லை, மரம் வேண்டியதில்லை. எலுமிச்சம்பழ அளவில் வந்துவிட்டது, கைக்குள் அடங்கிவிடுகிறது, பைக்குள் அடங்கிவிடுகிறது. படம் எடுக்க வருகிறவர்கள் சிலர் கைப்பேசியில் பறவையின் குரலைப் போட்டு, தன் இனம் கூப்பிடுகிறதென்று நம்பி அது வெளியே வந்ததும் சுட்டுத்தள்ளுவதுபோலப் படம் பிடிக்கிறார்கள். எங்கள் குழுவில் அது பெருங்குற்றம். சென்ற ஆண்டு ஒருவன் அப்படிச் செய்தபோது, "ஏல, ஒன் அம்ம குரல்ல எவனாவது ஒன்னக் கூப்பிட்டு ஏமாத்துனா ஒனக்கு எப்படி இருக்கும்?" என்று இதே கோபுரத்தில் நின்று சீறியவள் ரெஜினாதான். சீறியது உண்மை. ஆனால் அன்றைக்கு அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்த்து, அதில் எந்தெந்தப் பறவையின் குரல் இருக்கிறது, எப்படிப் போடுவது என்று அவள் கேட்டுக்கொண்டதும் உண்மை. வியப்பால் கேட்டாள் என்று அன்று எண்ணினேன்.

வக்காக்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் 'வக்' என்று ஒற்றைச் சொல் சொல்லிக்கொண்டு இரவுப் பணிக்குப் போகின்றன. அது தலைக்குமேல் என்பது எனக்குக் கண்ணால் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. இதை மருத்துவர் விளக்கினார்: ஒரு காது மந்தமானவருக்கு ஒலி கேட்கும், ஒலியின் திசை கேட்காது, இரு காதும் ஒத்துப் பேசித்தான் திசையைக் கண்டுபிடிக்கின்றன. அன்றிலிருந்து தெருவில் பின்னால் மணியடிக்கும் மிதிவண்டி எனக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. வீட்டில் குக்கர் கூவினால் அது எங்கள் வீட்டுக் குக்கரா, பக்கத்து வீட்டினுடையதா என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. தனியாக வாழ்பவளுக்கு இது சிறிய அச்சமன்று; இரவில் கதவு தட்டப்படுகிறதா, நெஞ்சுதான் தட்டுகிறதா என்று படுக்கையில் கிடந்து ஆராய வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் அழாத குறையாக நான் சொன்னது ஒரே ஓர் ஆளிடம். அந்த ஆள் என் மந்தச்செவிப் பக்கம் உட்கார்ந்து, பையை அணைத்துக்கொண்டு, அந்தி மங்கலுக்காகக் காத்திருக்கிறாள். பைக்குள்ளிருந்து ஓர் ஒலி கிளம்பினால், அது கோரையிலிருந்து வருகிறதா, என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வருகிறதா என்று என்னால் சொல்ல முடியாது. அது அவளுக்கும் தெரியும். தெரியும், தெரியும் என்று எத்தனை முறை சொல்லிக்கொள்கிறேன். காலையில் பல் துலக்குவதற்குமுன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "உயிரோட இருக்கியளா?" என்று கேட்பவள் இவள் ஒருத்திதான். இவளைச் சந்தேகித்துவிட்டு அந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் சொல்ல? ஆனால் சந்தேகியாமல் தலையசைத்துவிட்டால், நாளைக்குச் சங்கரலிங்கம் என் பெயரை எழுதி, அதன்கீழ் ஓர் அலுவலகம் முத்திரை குத்தி, பிறகு எவனோ ஒருவன் வந்து இங்கே பறவையுமில்லை முட்டையுமில்லை என்று காட்டிவிட்டால், உலகம்மாள் டீச்சர் பொய் சொன்னாள் என்பது ஊர் முழுவதும் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும்.

"யக்கா, மூச்சக்கூடச் சத்தமில்லாம விடுங்க. இதான் நேரம்" என்று கிசுகிசுக்கிறாள். அந்த நேரத்தில் அவளுடைய வலக்கை பைக்குள் போகிறது. பாம்பு புற்றுக்குள் போவதுபோல, அவசரமில்லாமல், மணிக்கட்டு மறையும்வரை போகிறது. நான் கோரையைப் பார்க்க வேண்டும். கோரையைத்தான் பார்க்கிறேன்; ஆனால் கண்ணின் ஓரத்தை அவளிடம் விட்டுவைத்திருக்கிறேன். தேர்வறைக் கண்காணிப்பில் வாழ்நாள் முழுவதும் பழகிய வித்தை இது. சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் வரிசைப் பெண்ணின் பாவாடை மடிப்பைப் பார்க்க எனக்குத் தெரியும். பையின் துணி லேசாக அசைகிறது. நிற்கிறது. மறுபடியும் லேசாக அசைகிறது. விரல் எதையோ தேடி எடுத்து, அழுத்தி, விட்டு, அடுத்ததை அழுத்துகிறது. பொத்தானா? இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கிறாளா? கூவவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். கோரை அழியட்டும், பிளாஸ்டிக் அன்னங்கள் வரட்டும், இந்த அந்தியில் மட்டும் எதுவும் கூவாமல் இருக்கட்டும். கூவினால் நான் இவளை அறிந்துவிடுவேன்.

கூவியது. கூ… என்று ஒன்று. பிறகு கூ… பிறகு கூ… மென்மையாக, தாழ்வாக, உள்ளே காற்று மட்டுமே இருக்கும் ஒன்றிலிருந்து வருவதுபோல. வெறும் புட்டியின் வாயில் மெல்ல ஊதினாற்போல்; வேறு எப்படியும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. எங்கிருந்து? எல்லாப் பக்கத்திலிருந்தும். நீரிலிருந்து, வானிலிருந்து, சிமெண்டுப் பலகையிலிருந்து, என் பல்லுக்குள்ளிருந்து. ஒரே சீரான இடைவெளியில், கடிகாரம்போல, பிசகாமல். உயிருள்ளது இவ்வளவு பிசகாமல் கூவுமா? பைத்துணி அசைகிறது, கூ என்கிறது. அசைகிறது, கூ என்கிறது. அல்லது கூ என்கிறது, பிறகு அசைகிறதா? எது முன், எது பின்? நான் கண்ணின் ஓரத்தை விட்டுவிட்டு முழு முகத்தையும் திருப்பிவிட்டேன். ரெஜினாவின் முகம் கோரைப்பக்கம் மலர்ந்திருக்கிறது, உதடு பிரிந்திருக்கிறது, கண்ணில் நீர்கூட இருக்கிறது. அந்த முகத்தைத்தான் நான் நம்பக்கூடாது. என் குரல் எனக்கே முன்னறிவிப்பில்லாமல் வந்தது; ஓய்வு பெற்ற நாளோடு பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்ததாக நான் நினைத்திருந்த குரல்.

"ரெஜினா. கையை வெளியே எடு."

கூவல் நின்றுவிட்டது. என் சத்தத்தால் நின்றதா, அவள் விரலை எடுத்ததால் நின்றதா என்றுதான் அந்த நொடியிலும் என் மனம் கணக்குப் போட்டது. அவள் உடனே திரும்பவில்லை. கோரையைப் பார்த்தபடியே மலர்ந்திருந்த முகம் விளக்கைத் தணித்ததுபோல மெதுவாக அணைந்தது. பிறகு கையை வெளியே எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்தாள். கருமணிச் செபமாலை. பாதிவரை விரலில் சுற்றியிருந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் இன்னும் ஒரு மணியைப் பிடித்துக்கொண்டிருந்தன. "கூவணுமேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். "நீங்க வந்திருக்க நேரத்துல கூவாமப் போயிரக்கூடாதேன்னு." மன்னிப்பு என்னும் சொல் எனக்குத் தெரியும், அதன் வேர் தெரியும், விகுதி தெரியும், வாயில் வரவில்லை. "நான் ஒண்ணும் நெனைக்கலட்டி…" என்று தொடங்கினேன். "நெனச்சிய" என்றாள். "போனத் தட்டிவிட்டுக் கூவவைக்கேன்னு நெனச்சிய. நெனச்சா என்ன, எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா? மூணாவது வரிசப் பிள்ளைகிட்டக் கேக்குத மாதிரியா கேப்பிய?" நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கூவினதக் கேட்டேன். கேட்டேன்னு சங்கரலிங்கத்துகிட்டச் சொல்லுதேன். போதுமா?" என்றேன். அவள் செபமாலையைப் பைக்குள் போட்டாள். "எங்கேருந்து கூவுச்சு?" என்று கேட்டாள். எங்கிருந்து? நான் கோரைப்பக்கம் கையைத் தூக்கினேன். தூக்கிய கை நடுவழியில் நின்றது. தெரியாததைத் தெரியும் என்று நான் எழுதியதில்லை, எழுத விட்டதுமில்லை. "பாத்தியளா? நீங்க அதக் கேக்கவே இல்ல யக்கா. என் கையையே பாத்துக்கிட்டிருந்திய. ஒங்க நல்ல காது கோரப் பக்கம் இருக்கட்டும்னுதான் இந்த இடுக்குல வந்து ஒடுங்கிக்கிட்டு ஒக்காந்தேன்." குரலில் கோபமில்லை, விடைத்தாள் கட்டு முடிந்து மூடிவைக்கும்போது இருக்கும் அலுப்புத்தான் இருந்தது. எழுந்தாள். பையை என் மடியில் வைத்தாள். "போனும் இதுக்குள்ளதான் கெடக்கு. அணைச்சுத்தான் வச்சிருக்கேன், நம்பாண்டாம், எடுத்துப் பாருங்க. நான் கீழ போய் அண்ணாச்சியக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுதேன். நீங்க இருந்து கேளுங்க. கேட்டாச் சொல்லுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னே சொல்லிருங்க, போட்டும்."

படிக்கட்டு இரும்பாலானது; அவள் இறங்குவது என் உள்ளங்காலில் கேட்கிறது. மடியில் பை. இளஞ்சூடாக இருக்கிறது, இவ்வளவு நேரம் அவள் அணைத்திருந்த சூடு. திறக்கமாட்டேன் என்று முடிவுசெய்கிறேன். முடிவுசெய்துகொண்டிருக்கும்போதே விரல்கள் பையின் பல்லிணைப்பை இழுத்துத் திறந்துவிட்டன. கண்ணாடிக் கூடு, ஓமத்திரவக் குப்பி, மடித்த கைக்குட்டை, காகிதத்தில் பொதிந்த கருப்பட்டி மிட்டாய் இரண்டு, செபமாலை, அணைந்து கிடக்கும் கைப்பேசி. அடித்தையலைத் தடவினேன். பக்கவாட்டு அறைக்குள் விரல் விட்டேன். எலுமிச்சம்பழ அளவில் எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்தபின் வரவேண்டிய நிம்மதிக்குப் பதிலாக வேறொன்று வந்தது: பைக்குள் இருக்கவேண்டும் என்பதில்லையே, முன்னமே வந்து கோரைக்குள் வைத்துவிட்டும் போயிருக்கலாமே. இப்போது கீழே போகிறாளே, எதற்குப் போகிறாள்? இதை நினைத்தது யார்? உலகம்மாள்தானா? அல்லது இத்தனை ஆண்டுகள் வரிசைகளுக்கிடையே நடந்து நடந்து எனக்குள் கால் ஓயாமல் உலவிக்கொண்டிருக்கும் வேறொருத்தியா? அவளை வெளியே அனுப்ப எந்த வாயில் இருக்கிறது? நீர்மேல் இருந்த கடைசி வெளிச்சமும் சுருங்கி, ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்துவிட்டது. நாமக்கோழிகள் தெரியவில்லை, அவை இருக்கும் இடம் மட்டும் நீரைவிடக் கறுப்பாக இருக்கிறது. ஊர்ப்பாட்டு நின்றுவிட்டது. நான் பையை மூடினேன். இடப்பக்கம் முழுவதுமாகத் திரும்பி, கோரைக்கு நேரே முகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். பார்ப்பதற்கு எதுவுமில்லாதபோதுதான் எனக்குக் கேட்கத் தெரியும்போலும்.

கூ.

அது பக்கத்தில் இல்லை, பலகையில் இல்லை, பல்லில் இல்லை. முதலில் கோரைத் தாள்கள் ஒன்றோடொன்று உராயும் சரசரப்பு, அதற்குள் ஏதோ கால் பதித்து நகரும் சேற்றின் சிறு ஒலி, அதன் நடுவிலிருந்து கூ. பிறகு ஓர் இடைவெளி. பிறகு சற்றே தள்ளி, நடந்துகொண்டே கூவுவதுபோல இன்னொரு கூ. இடம் மாறிவிட்டது. வைத்த இடத்தில் கிடக்கும் எதுவும் இடம் மாறாது. என் நல்ல காது அதைப் பின்தொடர்கிறது. ஒற்றைக் காதாலும் பின்தொடர முடிகிறது, பொறுமையாக முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேடினால் முடிகிறது, இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. ஒரு பெட்டைப் பறவை, வண்ணங்களை இருட்டுக்குக் கொடுத்துவிட்டு, குரலை மட்டும் வைத்துக்கொண்டு, தன் கோரையில் தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறது. என் கன்னத்தில் ஈரம் இருப்பதைக் கை வைத்துத்தான் அறிந்தேன். கேட்டேன். இப்போது சங்கரலிங்கத்திடம் சொல்வேன், எவரிடமும் சொல்வேன், எந்தப் படியிலும் ஏறி நின்று சொல்வேன், இது என் காது, இது என் சொல். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். பையை அணைத்துக்கொண்டு எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தேன்.

கரைமேல், கோரைக்கு எவ்வளவோ தொலைவில், உச்சிமாகாளியின் டார்ச்சு வெளிச்சத்துக்குள் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவளுடைய இரு காதுகளும் குற்றமற்றவை. ஆனால் அவள் கோரைப்பக்கம் திரும்பியிருக்கவில்லை. கோபுரத்தை அண்ணாந்து, என்னைப் பார்த்து, இரண்டு கைகளையும் தோளுக்குமேல் உயர்த்தி, விரல்களை விரித்து, உள்ளங்கைகளை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். "என்ன டீச்சர், கொசுவா?" என்று உச்சிமாகாளி கேட்பது கேட்டது. "கேட்டுட்டேன் ரெஜினா" என்று கத்தினேன். "கோரைக்குள்ள இருந்துதான். கேட்டுட்டேன்." கையை இறக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் அதுவும் அந்தக் குரலில்தான் வரும். இடப்பக்கத்தில் பறவை கூவிக்கொண்டேயிருக்கிறது. அவள் கைகளை இன்னும் இறக்கவில்லை.